மருந்துகளைக் காக்கும் தாங்கல் கரைசல்கள்



சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று எந்தப் பிரிவில் படித்தாலும், முதலாண்டு வேதியியல் செய்முறையில் நீரின் கடினத்தன்மை காணும் சோதனையை நாம் எல்லோரும் செய்துதான் வந்திருக்கிறோம். 20 மி.லி. நீரைப் பிப்பெட்டில் எடுப்போம். அம்மோனியா வாடை தூக்கும் ஒரு கரைசலைக் கொஞ்சம் ஊற்றுவோம். எரியோகுரோம் பிளாக்-டி சேர்த்தால் ஒயின் சிவப்பு நிறம் வரும். பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டாக விழ, அது நீல நிறமாக மாறும். ரீடிங் எழுதிவிட்டு வந்துவிடுவோம். அந்த வாடைக் கரைசல் எதற்கு என்று கேட்டால் மட்டும் பாதிப்பேர் முழிப்போம்!

அதுதான் பஃபர். தமிழில் தாங்கல் கரைசல். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடிக்கும்போது ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. அவை சேரச்சேரக் கரைசல் அமிலத்தன்மை பக்கம் சாயும். சாய்ந்தால் நிறங்காட்டி சரியாக வேலை செய்யாது, முடிவு நிலை மங்கிப் போகும். அம்மோனியாவும் அம்மோனியம் குளோரைடும் கலந்த தாங்கல் கரைசல் பி.எச். மதிப்பை 10 அளவில் பிடித்து நிறுத்துகிறது.

குடுவையில் பி.எச். சாய்ந்தால் நமக்குப் போவது ஒரு ரீடிங். மருந்துப் புட்டியில் சாய்ந்தால்? பார்மஸி டிப்ளமோ படிக்கும் மாணவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கான பதிலைப் பிற பிரிவு நண்பர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பி.எச். என்பது என்ன?

கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிச் செறிவை எளிதாகச் சொல்லும் அளவுகோல் பி.எச். இதை 1909-ல் உருவாக்கியவர் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஆமாம், பீர் தயாரிக்கும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் தொடங்கிய ஆய்வகமேதான்! 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இது மடக்கை அளவு என்பதை மறக்கக் கூடாது. ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. இரண்டு எண் குறைந்தால் 100 மடங்கு. "அரை பாயிண்ட்தானே" என்று சாதாரணமாக விடக்கூடிய விஷயமில்லை இது.

தாங்கல் கரைசல் எப்படித் தாங்குகிறது?

வலிமை குறைந்த ஓர் அமிலமும் அதன் உப்பும் சேர்ந்தது, அல்லது வலிமை குறைந்த ஒரு காரமும் அதன் உப்பும் சேர்ந்தது தாங்கல் கரைசல். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் நமக்குப் பழக்கமான ஜோடி.

டவுன் பஸ் கண்டக்டரின் பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நோட்டும் இருக்கிறது, சில்லறையும் இருக்கிறது. ஒருவர் நூறு ரூபாய் நீட்டினாலும் சமாளிப்பார். இன்னொருவர் சில்லறையாகக் கொட்டினாலும் வாங்கிக்கொள்வார். தாங்கல் கரைசலும் அப்படித்தான். அமிலம் உள்ளே வந்தால் அசிட்டேட் அயனி அதைப் பிடித்து அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடும். காரம் வந்தால் அசிட்டிக் அமிலம் அதை நடுநிலையாக்கி அசிட்டேட்டாக மாறும். உள்ளே கைமாற்று நடக்கிறது; வெளியே பி.எச். ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

பையில் நோட்டுக்கும் சில்லறைக்கும் உள்ள விகிதம்தான் பி.எச். மதிப்பை முடிவு செய்கிறது. பை எவ்வளவு பெரியது என்பதுதான் தாங்கல் திறன். இந்த இரண்டும் வேறு வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

கணக்கு

அமெரிக்காவின் ஹென்டர்சன் 1908-ல் அமிலத்துக்கும் அதன் உப்புக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதினார். டென்மார்க்கின் ஹாசல்பால்க் பின்னர் அதை மடக்கை வடிவத்துக்கு மாற்றினார். இருவர் பெயரும் சேர்ந்து நம் பாடநூலில் நிற்கிறது:

பி.எச். = பி.கே.ஏ. + லாக் (உப்பு / அமிலம்)

உதாரணமாக பி.எச். 5.0 உள்ள அசிட்டேட் தாங்கல் கரைசல் 1 லிட்டர் வேண்டும். மொத்தச் செறிவு 0.1 மோல் என்று வைத்துக்கொள்வோம். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. 4.76. அப்படியானால் லாக் மதிப்பு 0.24, விகிதம் 1.74. அதாவது உப்பு 0.0635 மோல், அமிலம் 0.0365 மோல். சோடியம் அசிட்டேட் டிரைஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 136, எனவே 8.64 கிராம் எடுக்க வேண்டும். கிளேசியல் அசிட்டிக் அமிலம் சுமார் 2.1 மி.லி.

இதன் பலத்தைப் பாருங்கள். 1 லிட்டர் சுத்த நீரில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. விட்டால் பி.எச். 7-லிருந்து 3-க்கு விழுந்துவிடும். அதாவது 10,000 மடங்கு மாற்றம். அதே 1 மி.லி. அமிலத்தை நம் கரைசலில் விட்டால் உப்பு 0.0625 மோல், அமிலம் 0.0375 மோல் ஆகும். பி.எச். 5.00-லிருந்து 4.98. அவ்வளவுதான்!

தாங்கல் திறனுக்குத் தனிச் சமன்பாட்டை வான் ஸ்லைக் 1922-ல் தந்தார். அதன் சாரம் இரண்டு வரி: செறிவு கூடினால் திறன் கூடும், பி.எச். மதிப்பும் பி.கே.ஏ. மதிப்பும் சமமாக இருக்கும்போது திறன் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் தேவையான பி.எச். மதிப்புக்கு ஒரு எண் மேலோ கீழோ என்ற எல்லைக்குள் பி.கே.ஏ. உள்ள அமிலத்தையே தேர்ந்தெடுக்கிறோம். 5 அருகே வேண்டுமென்றால் அசிட்டேட், 7 அருகே பாஸ்பேட், 9 அருகே போரேட். சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று பி.கே.ஏ. மதிப்புகள் (3.1, 4.8, 6.4) இருப்பதால் அது சுமார் 3 முதல் 6 வரை பல இடங்களில் கைகொடுக்கும்.

நம் உடம்பிலேயே ஒரு பஃபர்

நமது இரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை. இந்தக் குறுகிய எல்லையைக் காப்பதில் பைகார்பனேட்டுக்கும் கரைந்த கார்பன் டை ஆக்சைடுக்கும் முக்கியப் பங்கு. ஹீமோகுளோபினும் மற்றப் புரதங்களும் பாஸ்பேட்டும் துணை. பைகார்பனேட் 24, கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லிமோல், விகிதம் 20. பி.கே.ஏ. 6.1. சமன்பாட்டில் போட்டால் 6.1 + 1.3 = 7.4. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஒரு சந்தேகம் வரலாம். 7.4-க்கும் 6.1-க்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே, இது நல்ல பஃபராக எப்படி இருக்க முடியும்? மூடிய குடுவையில் இருந்தால் நல்ல பஃபர் இல்லைதான். ஆனால் நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேமிக்கிறது. கண்டக்டர் பையை இரண்டு பேர் உடனுக்குடன் சரிசெய்துகொண்டே இருக்கிற மாதிரி. சர்க்கரை நோய் கட்டுமீறி இரத்தத்தில் கீட்டோ அமிலங்கள் பெருகும்போது நோயாளி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவது இதனால்தான். அமிலத்தின் அழுத்தத்தைக் குறைக்க நுரையீரல் போராடுகிறது.

மருந்துகளில் பயன்கள்

1. மருந்து கெடாமல் இருக்க: பெனிசிலின்-ஜி கரைசல் 6.5 அருகேதான் ஓரளவு நிலைத்திருக்கும். அமிலத்திலும் காரத்திலும் அதன் பீட்டா-லாக்டம் வளையம் உடைந்துவிடும். உடைந்தால் உண்டாகும் பொருளும் ஓர் அமிலமே; அது பி.எச். மதிப்பை இன்னும் கீழே இழுத்து, சிதைவை மேலும் வேகப்படுத்தும். இந்த ஓட்டத்துக்குத் தடை போடவே சிட்ரேட் தாங்கல் சேர்க்கிறார்கள்.

குழந்தைகளுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக் டிரை சிரப்புகள் பலவற்றிலும் சோடியம் சிட்ரேட் போன்ற தாங்கல் பொருள் இருக்கும். மருந்துக் கடை கவுண்டரில் "மிச்சம் இருந்ததுங்க, அடுத்த மாசக் காய்ச்சலுக்குக் குடுத்துக்கலாமா?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. கூடவே கூடாது. பஃபர் சிதைவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நீர் சேர்த்த நாளிலிருந்து லேபிளில் சொன்ன நாட்கள், பெரும்பாலும் 7 நாட்கள்தான், அதற்குப்பின் கொட்டிவிட வேண்டும். இதை அந்தத் தாய்க்குப் புரியும்படி சொல்வதும் பார்மஸிஸ்டின் வேலை.

2. கண் சொட்டு மருந்து: கண்ணீரின் பி.எச். சுமார் 7.4. கண்ணில் இருக்கும் கண்ணீர் 7 மைக்ரோ லிட்டர் அளவுதான். நாம் விடும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோ லிட்டர். மருந்து எரிச்சல் தந்தால் கண்ணீர் பொங்கி, மருந்தைக் கன்னத்தில் வழிய வைத்துவிடும். எரிச்சல் என்பது வெறும் அசௌகரியம் அல்ல, மருந்தே வீண்.

கண் அழுத்த நோய்க்கான பைலோகார்பின் இங்கே நல்ல பாடம். புட்டியில் கெடாமல் இருக்க அதற்கு அமிலத்தன்மை வேண்டும். கண்ணுக்குள் நன்றாக ஊடுருவ நடுநிலைக்கு அருகே இருக்க வேண்டும். இரண்டும் எப்படி? அமிலப் பக்கமாகவே தயாரித்து, தாங்கல் திறனை மட்டும் குறைவாக வைப்பார்கள். புட்டியில் அது மருந்தைக் காக்கும். கண்ணில் விழுந்ததும் கண்ணீரின் பஃபர் அதை எளிதில் வென்று 7.4 பக்கம் கொண்டுபோய்விடும். ஆக, பஃபர் எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது தவறு.

3. ஊசி மருந்து: அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெய்ன் ஊசி அமிலத்தன்மை உடையது, இல்லாவிட்டால் அட்ரினலின் ஆக்சிஜனேற்றமாகிக் கெட்டுவிடும். போடும்போது எரிகிறது என்று நோயாளிகள் சொல்வது இதனால்தான். பத்துப் பங்கு லிக்னோகெய்னுக்கு ஒரு பங்கு 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட்டை, ஊசி போடும் சமயத்தில் மருத்துவர் சேர்த்தால் வலி குறைகிறது. முன்கூட்டியே கலந்து வைத்தால் மருந்து நிலைக்காது.

இன்சுலின் கிளார்ஜின் இதற்கு நேர் எதிரான தந்திரம். 2000-ஆம் ஆண்டில் அனுமதி பெற்ற இம்மருந்து பி.எச். 4-ல் தெளிந்த கரைசல். தோலுக்கு அடியில் போனதும் உடம்புத் திரவத்தின் பஃபர் அதை நடுநிலையாக்க, நுண்ணிய வீழ்படிவாகி, அதிலிருந்து ஒரு நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கரைந்து வேலை செய்கிறது. வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலந்தால் இந்தக் கணக்கே கெட்டுப்போகும். கலக்கக் கூடாது என்ற எச்சரிக்கையின் பின்னால் இருக்கும் காரணம் இதுவே.

4. இரத்த வங்கி: நாம் இரத்த தானம் செய்யும் பையில் சிட்ரேட், பாஸ்பேட், டெக்ஸ்ட்ரோஸ், அடினின் கலந்த கரைசல் இருக்கும். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து இரத்தம் உறையாமல் தடுக்கிறது. பாஸ்பேட், சேமிப்பின்போது பி.எச். விழுவதைத் தாங்குகிறது. இந்தக் கரைசலில் இரத்தத்தை 35 நாட்கள் வரை குளிர்பெட்டியில் வைக்கலாம்.

எந்த பஃபர் எங்கே கூடாது?

பி.எச். சரியாக வந்தால் மட்டும் போதாது. போரிக் அமிலம் கண் மருந்துகளில் நன்றாகப் பயன்படுகிறது. அதன் 1.9 சதவீதக் கரைசல் கணக்குப்படி இரத்தத்துக்குச் சமமான சவ்வூடு பரவல் அழுத்தம் உடையது. ஆனால் போரிக் அமிலம் சிவப்பணுச் சவ்வுக்குள் புகுந்துவிடும். பின்னாலேயே நீரும் நுழைந்து அணு வெடித்துவிடும். எனவே ஊசியில் போரேட் தாங்கலுக்கு இடமில்லை.

பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்தால் வீழ்படிவாகும். பி.எச். கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். சோதனைக் குழாயில் இது நமக்கு ஒரு மார்க். நோயாளியின் நாளத்திலோ உயிர் போகிற விஷயம். 1994 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நாளம் வழியே ஏற்றும் முழு ஊட்டக் கரைசலில் கால்சியம் பாஸ்பேட் படிந்திருக்கலாம் என்றும், இருவர் இறந்தனர், குறைந்தது இருவருக்குக் கடும் மூச்சுத் திணறல் ஏற்பட்டது என்றும் அதில் கூறப்பட்டது. கரைசலில் கொழுப்புக் குழம்பும் கலந்திருந்ததால் பால் போன்ற வெண்மையில் வீழ்படிவு கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கலக்கும் வரிசையையும் அளவையும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

குளிரும் கவனிக்க வேண்டியது. சோடியம் பாஸ்பேட் தாங்கலை உறைய வைத்தால் டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும், மிச்சத்தில் பி.எச். 7-லிருந்து 4 அருகே வரைகூட விழலாம். புரத மருந்து அதில் இருந்தால் கெட்டுவிடும். "ஃப்ரீஸரில் வைக்காதீர்கள்" என்ற வரியின் பின்னால் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆய்வகத்தில் கவனிக்க

முதலாவது, லேபிள். சோடியம் அசிட்டேட் நீருடனும் கிடைக்கும், நீரற்றதாகவும் கிடைக்கும். மேலே சொன்ன 8.64 கிராமை நீரற்ற உப்பில் எடுத்தால் அது 0.0635 மோல் அல்ல, 0.105 மோல். சமன்பாட்டின்படி பி.எச். 5.22 ஆகிவிடும். தராசு சரி, கணக்கு சரி, விடை தப்பு!

இரண்டாவது, பி.எச். மீட்டர். 4, 7, 9.2 என்று தாங்கல் மாத்திரைகள் கிடைக்கின்றன. நாம் அளக்கப்போகும் கரைசலின் பி.எச். எந்த இரண்டுக்கு நடுவில் வருமோ அந்த இரண்டிலும் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். வெப்பநிலைக் குமிழைத் திருப்ப மறக்கக் கூடாது. பயன்படுத்திய கரைசலைத் திரும்பப் புட்டியில் ஊற்றக் கூடாது. 9.2 கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மெல்ல இறங்கும். பழையதை நம்பக் கூடாது.

மூன்றாவதுதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. மேலே கணக்கிட்ட அசிட்டேட் கரைசலை உண்மையாகவே தயாரித்து மீட்டரில் வைத்தால் 5.00 காட்டாது, 4.9 அருகே காட்டும். காரணம், 4.76 என்பது மிக மிக நீர்த்த நிலைக்கான மதிப்பு. செறிவு கூடும்போது அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் அது சற்றே இறங்கிவிடுகிறது. பாஸ்பேட்டில் இது இன்னும் அதிகம். பி.கே.ஏ. 7.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 7.4-க்கு விகிதம் 1.6 என்று வரும். ஆனால் சோரன்சன் முறையில் 15-ல் ஒரு மோலார் கரைசல்களைக் கலக்கும்போது ஏறத்தாழ 80-க்கு 20, அதாவது 4 தேவைப்படுகிறது.

ஆகவே 800 மி.லி. அளவு நீரில் கரைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே நீர்த்த காரத்தையோ அமிலத்தையோ சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். மதிப்பைச் சரிசெய்த பிறகே 1 லிட்டருக்கு நிரப்ப வேண்டும். "ஃபார்முலா இருக்கே, மீட்டர் எதுக்குடா?" என்று ரெக்கார்டில் 5.00 என்று 'குக்' பண்ணி எழுதுகிறவர்களுக்கு ஒரு சேதி: அந்த 5.00 பார்க்க அழகாக இருக்கிறதே, அதுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். விஷயம் தெரிந்த எக்ஸ்டர்னல் அதைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிடுவார்.

வைவாவுக்குச் சில கேள்விகள்

தாங்கல் கரைசலை நீர்த்தால் பி.எச். மாறுமா? விகிதம் மாறாததால் பெரிதாக மாறாது. ஆனால் தாங்கல் திறன் குறையும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் குளோரைடும் சேர்ந்தால் பஃபர் ஆகுமா? ஆகாது. வலிமை மிக்க அமிலம் முழுதும் அயனியாகிவிடும். குளோரைடு அயனி வருகிற ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து வைக்காது.

கண் மருந்தில் தாங்கல் திறன் ஏன் குறைவாக இருக்க வேண்டும்? கண்ணீர் அதை விரைவில் தன் பி.எச். மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக.

நண்பர்களே, மருந்துப் புட்டியில் பஃபர் இருப்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதைத் தயாரித்தவரும் சோதித்தவரும் அளந்ததைத்தான் எழுதியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒரு தாய் தன் குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றுகிறாள். நாளை மருந்துத் தொழிற்சாலையில் பி.எச். மீட்டர் முன்னால் நிற்கப்போகிறவர்கள், ஆஸ்பத்திரி ஸ்டோரில் மருந்து எடுத்துக் கொடுக்கப்போகிறவர்கள், அந்தத் தொழிற்சாலையின் இயந்திரத்தையும் தண்ணீர்க் குழாயையும் பராமரிக்கப்போகிறவர்கள் எல்லாம் டிப்ளமோ படித்த நாம்தான். கண்ணால் பார்த்த ரீடிங்கை மட்டுமே எழுதுவது என்ற பழக்கத்தை இந்த ஆய்வகத்திலேயே பழகிக்கொள்வோம். வாழ்த்துக்கள்!